காய் பழுக்க எத்தனை உருட்டு?

ஓசூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், பையனின் பிறந்தநாளுக்கு ‘எல்லாரும் சேர்ந்து ஆடுற மாதிரி’ ஒரு விளையாட்டு வாங்கக் கடைக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

“பெட்டி மேல எட்டு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு சார். பையனுக்கு ஆறுதான் முடியுது. மாமியாருக்கு எழுபது. தளி பக்கம், அவங்களுக்குக் கன்னடம்தான். அட்டையில இருக்கறதெல்லாம் இங்கிலீஷு. நாப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும்னு வேற போட்டிருக்கு. செகண்ட் ஷிப்ட் வாரத்துல நான் எங்க போறது அவ்வளவு நேரத்துக்கு?”

1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து இந்த ஊரில் வீட்டுக் கடிகாரத்தை விட ஆலைச் சங்குக்குத்தான் மரியாதை. அப்பா வரும்போது பையன் தூங்கியிருப்பான். பையன் எழும்போது அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் ஐந்து பேரும் ஒன்றாக உட்காருவது ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம். அதற்குள் பொருந்துகிற ஆட்டம் வேண்டும், எழுபதும் ஆறும் எதிரெதிரே உட்கார வேண்டும், யாரும் எதையும் படிக்கக் கூடாது.

பெட்டியின் மேல் அச்சடித்த வயதைப் பார்த்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த ஆட்டத்தில் அதிர்ஷ்டம் எவ்வளவு, திறமை எவ்வளவு என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். பெட்டியில் அதை மட்டும் போட மாட்டார்கள்.

சதுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிர்ஷ்டம் துளியும் கிடையாது. ஆட்டக்காரர்களின் பலத்தை அளக்க அர்பாத் ஈலோ வகுத்த முறைப்படி, இருவருக்கும் 400 புள்ளி வித்தியாசம் இருந்தால் 11 ஆட்டங்களில் பலசாலிக்கு 10 புள்ளி கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஓரளவு ஆடத் தெரிந்த அப்பாவுக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் உள்ள தூரம் 400 புள்ளியோடு நிற்காது. பிள்ளை தோற்றுக்கொண்டே இருக்கும், இல்லையென்றால் அப்பா வேண்டுமென்றே தோற்க வேண்டும். அந்த நாடகத்தைப் பிள்ளைகள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பரமபதம் இதற்கு நேர் எதிர். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடுகிற ஆட்டம். முடிவெடுக்க அதில் ஒன்றுமே இல்லை. தாயக்கட்டைக்குப் பாட்டியும் ஒன்று, பேரனும் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் அடுத்து எங்கே போவோம் என்பது இப்போது நிற்கும் கட்டத்தையும் விழும் எண்ணையும் மட்டுமே பொறுத்தது. எப்படி அங்கே வந்தோம் என்பது கணக்கில் வராது. கணிதத்தில் இதற்கு மார்க்கோவ் சங்கிலி என்று பெயர். அமெரிக்காவில் விற்கும் நூறு கட்டப் பலகையை வைத்து மூன்று கணிதவியலாளர்கள் 1993-ல் கணக்குப் போட்டார்கள்: ஒருவர் ஆடி முடிக்கச் சராசரியாக 39 முறைக்குச் சற்று அதிகம். ஒரு வேடிக்கையும் அதில் வெளிவந்தது. 29-லிருந்து 27-க்கு இறக்கும் ஒரு குட்டிப் பாம்பைப் புதிதாகச் சேர்த்தால் ஆட்டம் நீளாமல் குறைகிறது! 28-ல் 84-க்கு ஏற்றும் பெரிய ஏணி நிற்கிறது. அதைத் தவறவிட்டவர்களைப் பாம்பு பின்னால் இழுத்து இன்னொரு வாய்ப்பு கொடுத்துவிடுகிறது. ஆனால் எத்தனை வேடிக்கை இருந்தாலும், பத்து வயதுக்கு மேல் பரமபதம் சலித்துவிடும். ஜெயித்தவருக்கே தான் என்ன செய்து ஜெயித்தோம் என்று சொல்லத் தெரியாது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது தாயம். எண் விழுவது அதிர்ஷ்டம். எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது, எப்போது மலையில் ஏறிப் பதுங்குவது என்பதெல்லாம் ஆடுகிறவர் கையில். பாட்டி பத்தில் ஆறோ ஏழோ ஜெயிப்பார், மிச்சம் பேரனுக்கு. அந்த மிச்சத்தை யாரும் தானம் போடவில்லை என்பதுதான் அதன் ருசி.

இந்த எல்லைப் பக்கத்தில் தாயத்துக்கு மொழிபெயர்ப்பும் தேவையில்லை. ஐந்துக்கு ஐந்து கட்டம் கீறி நான்கு சோழியோடு ஆடுவதைக் கன்னடக்காரர்கள் சவுக்காபாரா என்பார்கள், தெலுங்குக்காரர்கள் அஷ்டாசம்மா என்பார்கள். சவுக்கா நான்கு, பாரா எட்டு; அஷ்டா எட்டு, சம்மா நான்கு. இருவருமே ஆட்டத்துக்கு அதன் பெரிய எண்களைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள். நாம் மட்டும் சின்ன எண்ணான ஒன்றை வைத்தோம். நடுக்கட்டத்துக்குப் போன காய் தமிழில் பழம், கன்னடத்தில் ஹண்ணு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வீடுகளில் மருமகள் ஒரு மொழி, மாமியார் ஒரு மொழி என்பது சாதாரணம். கட்டத்தைக் கீறிவிட்டால் யாருக்கும் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எதை உருட்டுகிறீர்கள் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்று, இரண்டு விதத்தில் மட்டுமே வரும். எட்டில் ஒரு பங்கு. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கலாம் என்பது நம் விதி. எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் போகிற வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? மூன்றில் ஒன்றுக்கும் கொஞ்சம் மேல். ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டுச் சுற்று சும்மா உட்கார்ந்திருப்பது என்பது ஒரு யுகம். தாயம் ஆடும்போது பிள்ளைகள் அழுவதற்குத் தோல்வியை விட இந்தக் காத்திருப்பே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கட்டையை வைத்துவிட்டு நான்கு சோழியை எடுங்கள். ஒவ்வொரு சோழியும் சமவாய்ப்பாக விழுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்று மட்டும் வாய் பார்த்து விழ 16-ல் 4 வாய்ப்பு. அதாவது கால் பங்கு. எட்டு சுற்றில் ஒன்றுமே விழாமல் காத்திருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. விதியை மாற்றாமலே ஆட்டம் பிள்ளைக்கு இணக்கமாகிவிட்டது. மாறியது உருட்டும் பொருள் மட்டும்.

சோழி கிடைக்காவிட்டால் புளியங்கொட்டை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் புளிக்குப் பஞ்சமில்லை. கொட்டையின் ஒரு பக்கத்தைச் சிமெண்ட் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்தால் போதும். இங்கேதான் அறிவியல் வீட்டுக்குள் வருகிறது. தேய்த்த பக்கம் தட்டை, தேய்க்காத பக்கம் உருண்டை. இரண்டும் சமமாக விழ வேண்டுமென்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரே கொட்டையை நூறு முறை உருட்டி, வெள்ளை எத்தனை, கறுப்பு எத்தனை என்று பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். வெள்ளை நூற்றுக்கு 40 முறைதான் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் நான்கு கொட்டையும் கறுப்பாக விழுந்து எட்டு கிடைப்பது 16-ல் ஒன்றாக இருந்தது, ஏறக்குறைய எட்டில் ஒன்றாக இரட்டித்துவிடும். நான்கும் வெள்ளையாக விழுவதோ 39 உருட்டுக்கு ஒரு முறை என்று அரிதாகிவிடும். அதிகம் தேய்த்த கொட்டை, குறைவாகத் தேய்த்த கொட்டை என்று பாட்டிகள் சண்டை போட்டதெல்லாம் வீண் சண்டை இல்லை.

நேரத்தையும் இதே கணக்கில் சொல்லிவிடலாம். ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் வெளிச்சுற்று 16 கட்டம், உள்சுற்று 8, நடுவில் ஒன்று. ஒரு காய் பழமாக 24 அடி. நான்கு காய்க்கு 96. நான்கு சோழி உருட்டினால் சராசரியாக விழுவது இரண்டரை. ஆக ஒருவருக்குச் சுமார் 38 உருட்டு. நான்கு பேருக்கு 150-ஐத் தொட்டு வரும். உருட்டி நகர்த்தப் பன்னிரண்டு விநாடி என்றால் அரை மணி. வெட்டு விழுந்தால் நீளும். கடைசியில் சரியான எண்ணுக்காகக் காத்திருப்பதிலும் கொஞ்சம் போகும். ஞாயிறு மாலைக்குப் பொருந்துகிறது. செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ஆட வேண்டுமா, ஆளுக்கு இரண்டு காய் மட்டும் இறக்குங்கள். கால் மணியில் முடிந்துவிடும். ஏழுக்கு ஏழு கட்டத்தில் ஒரு காய்க்கு 48 அடி. அது பள்ளி விடுமுறைக்கான ஆட்டம்.

பிள்ளைக்கு இதனால் படிப்பு வருமா என்று கேட்காத பெற்றோர் இல்லை. அமெரிக்காவில் ராபர்ட் சீக்லரும் கீதா ராமனியும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அருகில் வருகிறது. ஏழைக் குடும்பங்களின் மழலையர் பள்ளிப் பிள்ளைகளை ஒன்று முதல் பத்து வரை வரிசையாக எண் எழுதிய பலகையில் ஆட வைத்தார்கள். இரண்டு வாரத்தில் நான்கே தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி, இருபது நிமிடம். எண்ணுவதிலும் எது பெரிய எண் என்று சொல்வதிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள்; ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதில் நிறம் பூசிய பலகையில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. எண்கள் நேர்கோட்டில் இருந்ததும் முக்கியம் என்று அடுத்த ஆய்வில் தெரிந்தது. வட்டப் பலகை அவ்வளவு உதவவில்லை. தாயக்கட்டத்தில் எண்ணும் இல்லை, நேர்கோடும் இல்லை. ஆகையால் தாயம் ஆடினால் கணக்கு வரும் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு எண் போட்ட பரமபதமே மேல், அதுவும் 47-ல் நின்று மூன்று விழுந்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணாமல் 48, 49, 50 என்று சொல்லிக்கொண்டே காயை நகர்த்தினால்.

பல்லாங்குழியில் பகடையே கிடையாது, ஆனாலும் அதிர்ஷ்ட ஆட்டம் போலவே இருக்கும். எடுத்த முத்து தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்ந்து போடுவதால், கை எங்கே போய் நிற்கும் என்பதை மனக்கணக்கில் பிடிப்பது கடினம். இதன் ஆப்பிரிக்க உறவான அவாரியை நெதர்லாந்தில் ஜான் ரோமைனும் ஹென்றி பாலும் 2002-ல் 144 செயலிகளை இணைத்து 51 மணி நேரம் ஓட்டித் தீர்த்தார்கள்: இருவரும் பிழையின்றி ஆடினால் சமன். பாட்டிக்கு அந்த 144 செயலி இல்லை, பேரனுக்கும் இல்லை. அதனால் ஆட்டம் பிழைத்திருக்கிறது.

ஆடுபுலி ஆட்டம் இரண்டு பேருக்கானது, சுத்தமான திறமை. ஆனால் சதுரங்கத்தில் இல்லாத ஒரு வசதி அதில் உண்டு. 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. இரு தரப்பும் ஆரம்பத்திலிருந்தே வேறு வேறு. ஆகவே எடையைக் கூட்டிக் குறைக்கலாம். பிள்ளை ஆட்டுப் பக்கம் என்றால் ஆட்டை 18 ஆக்குங்கள். ஜெயிக்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் கழியுங்கள். சதுரங்கத்தில் ராணியை எடுத்துவிட்டு ஆடினால் அப்பா விட்டுக்கொடுக்கிறார் என்று தெரிந்துவிடும். இங்கே மந்தை கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் கடைசியில் எதையும் வாங்கவில்லை. வாசல் சிமெண்டில் சாக்பீஸால் கட்டம் போட்டார். மாமியார் புளியங்கொட்டை தேய்த்துக் கொடுத்தார். தகராறு மொழியில் வரவில்லை, விதியில் வந்தது. மருமகன் ஊரில் தாயம் விழாமல் காய் இறங்காது. மாமியார் ஊரில் நான்கோ எட்டோ விழுந்தாலும் இறங்கலாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக வழக்கு நடக்கிறது, தீர்ப்பு ஆகவில்லை. இதற்கிடையில் பையன், ஒன்று விழுந்தால் அப்பா ஊர் விதிப்படியும் எட்டு விழுந்தால் அஜ்ஜி ஊர் விதிப்படியும் காயை இறக்கிக்கொண்டிருக்கிறான்.