சட்டம் வந்தது, மருந்து வரவில்லை!

கஞ்சா என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீட்டுப் பெண்கள் முகம் சுளிப்பார்கள். பிள்ளைகளைப் பாழாக்கும் போதைப்பொருள் என்றே அதை நாம் அறிந்திருக்கிறோம். அந்த அச்சம் நியாயமானதே. என்றாலும், அதே செடியிலுள்ள சில பதார்த்தங்கள் கடும் நோயாளருக்கு ஆறுதல் தருவதையும் மருத்துவ உலகம் கண்டிருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் ஓயாத வாந்தி, நரம்பு நோயினால் ஏற்படும் தசை இறுக்கம், குழந்தைகளைத் தாக்கும் சிலவகை வலிப்பு ஆகியவற்றுக்கு அது பயன்படுகிறது.

அப்படியானால் வைத்தியர் எழுதிக் கொடுக்க, பாமசியில் வாங்கிவிடலாமா? அவ்வளவு இலகுவல்ல. ஐக்கிய அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம்.

பன்னிரண்டு மாத ஆயுள்

2010 ஜனவரி 18ஆம் திகதி, பதவியிலிருந்து விலகும் தறுவாயில் இருந்த ஆளுநர் ஜோன் கோர்சைன் மருத்துவக் கஞ்சாச் சட்டத்தில் ஒப்பமிட்டார். மிகுந்த கட்டுப்பாடுகள் கொண்ட சட்டம் அது. நோயாளர் வீட்டில் செடி வளர்க்கக் கூடாது. மாதத்துக்கு 2 அவுன்ஸுக்கு மேல் கிடையாது. அரசின் அனுமதி பெற்ற நிலையத்தில் மட்டுமே வாங்கலாம்.

யார் வாங்கலாம் என்பதற்கும் ஒரு பட்டியல் இருந்தது. பன்னிரண்டு மாதத்துக்கும் குறைவாகவே உயிர்வாழ்வார் என வைத்தியர் கணித்த நோயாளரும் அதில் அடங்குவர். ஆனால் முதலாவது நிலையம் மொன்ற்கிளயர் நகரில் திறக்கப்பட்டது எப்போது தெரியுமா? 2012 டிசெம்பர் 6ஆம் திகதி! ஏறக்குறைய 35 மாதங்கள் கழிந்துவிட்டன. சட்டம் பிறந்த நாளில் ஒரு வருட ஆயுளே எஞ்சியிருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

தடைக்கு மேல் தடை

இத்தனை தாமதம் ஏன்? சட்டம் ஒப்பமான மறுநாளே பதவியேற்ற புதிய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி, கடுமையான விதிகள் வேண்டுமென்றார். விதிகளை எழுதுவதிலும் அவை பற்றிய வாதப் பிரதிவாதங்களிலும் மாதங்கள் ஓடின. இலாப நோக்கற்ற ஆறு நிறுவனங்கள் தெரிவு செய்யப்பட்டபோது 2011 மார்ச் மாதமாகிவிட்டது.

அடுத்து மத்திய அரசின் சட்டம் குறுக்கே நின்றது. 1970ஆம் ஆண்டின் சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையாகத் தடைசெய்யப்பட்ட பிரிவில் சேர்த்திருந்தது. மாநிலம் அனுமதித்ததை மத்திய அரசு குற்றமாகக் கருதினால், மாநில ஊழியர்களே வழக்குக்கு ஆளாவார்களோ என்று ஆளுநர் தயங்கினார். 2011 ஜூலையில்தான் வேலையைத் தொடரலாம் என அறிவித்தார். வங்கிகளும் இந்நிலையங்களுக்குக் கணக்குத் திறக்க அஞ்சின.

ஊர்மக்களின் எதிர்ப்பு இன்னொரு தடை. "நோயாளருக்கு மருந்து வேண்டியதுதான், ஆனால் எங்கள் தெருவில் வேண்டாம்" என்ற மனப்பான்மையால் பல ஊர்களில் இடம் மறுக்கப்பட்டது. நிலையம் நடத்துவோரின் பின்னணி பற்றிய விசாரணையும் நீண்டது. இரண்டாவது நிலையம் 2013 ஒக்டோபரில்தான் திறந்தது.

நிலையம் திறந்த பின்னரும் நோயாளரின் சிரமம் தீரவில்லை. பதிவு செய்துகொண்ட வைத்தியர் மட்டுமே சிபாரிசு செய்யலாம். நோயாளர் அடையாள அட்டைக்கு 200 டொலர் கட்டணம் விதிக்கப்பட்டது. வசதி குறைந்தவர்களுக்கு அது 20 டொலர். மருந்தின் விலையைக் காப்புறுதி நிறுவனங்கள் ஏற்கவில்லை.

தாய்மாரின் தவிப்பு

வலிப்பு நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் பட்ட பாடு தனி. புகைக்க முடியாத குழந்தைக்கு, உணவாக உட்கொள்ளும் வடிவில் மருந்து வேண்டுமல்லவா? சிறுவர்களுக்கு அவ்வாறு வழங்க அனுமதிக்கும் திருத்தம், பெற்றோரின் பகிரங்கக் கோரிக்கைகளுக்குப் பின்னர் 2013 செப்டெம்பரில்தான் வந்தது.

2018 ஜூனில் எபிடியோலெக்ஸ் என்ற மருந்தை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அங்கீகரித்தது. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, போதை தராத, அளவு குறிக்கப்பட்ட வலிப்பு மருந்து இது. முறையாகப் பரிசோதித்த மருந்துக்கும் கண்டபடி வாங்கும் சரக்குக்கும் உள்ள வேறுபாட்டைத் தாய்மார் கவனிக்க வேண்டும். வைத்தியரின் கண்காணிப்பின்றி இத்தகைய எதையும் பிள்ளைகளுக்குக் கொடுப்பது ஆபத்தானது. போதை தரும் பதார்த்தம் வளரும் மூளையைப் பாதிக்கக் கூடியது.

அவதானம் வேறு, தாமதம் வேறு

ஆகவே அரசு அவதானமாக இருந்தது பிழையென்று சொல்ல முடியாது. போதைப்பொருள் தவறான கைகளுக்குப் போகாமல் தடுப்பது அதன் கடமை. ஆனால் அவதானத்துக்கும் ஒரு காலவரையறை வேண்டும். பின்னாளில் நியூஜேர்சியே இதை உணர்ந்தது. 2019 ஜூலையில் வந்த புதிய சட்டம் மாத அளவை 3 அவுன்ஸாக உயர்த்தி, மரணத் தறுவாயில் உள்ளோருக்கு அளவுக் கட்டுப்பாட்டையே நீக்கியது.

சுகதேகிக்கு மூன்று வருடம் ஒரு கணக்கு மட்டுமே. படுக்கையில் கிடப்பவருக்கோ அது ஓர் ஆயுள். எந்த மருந்தானாலும், எந்த நாடானாலும், "தருவோம்" என்று சட்டம் எழுதுபவர்கள் "எப்போது" என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். நோயாளியைப் பராமரிக்கும் பெண்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.