ஒருநாள் மலை ட்ரெக்கிங்: கைடு ஏன் கட்டாயம்? சுற்றுப்பாதையில் எங்கே திரும்பணும்?

லீவு கிடைத்தால் போதும், 'மலை ஏறலாமா?' என்று வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வந்துவிடுகிறது. காலையில் கிளம்பி, காட்டைச் சுற்றிவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பும் ஒருநாள் ட்ரெக்கிங்தான் இப்போது பலரின் சாய்ஸ். கேட்க ஈஸியாகத் தெரியும். ஆனால், கவனிக்க வேண்டிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

அனுமதி ஏன் அவசியம்?

2018 மார்ச் 11-ம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ட்ரெக்கிங் சென்ற குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகே தமிழ்நாட்டில் ட்ரெக்கிங்கிற்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. ஆன்லைனில் புக் செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். காட்டுத்தீ அபாயம் உள்ள மாதங்களில் பாதைகள் மூடப்படும். அப்போது 'பின்பக்க வழி இருக்கு' என்று யாராவது சொன்னால் நம்பிப் போகாதீங்க.

சுற்றுப்பாதை என்றால் என்ன?

கிளம்பிய இடத்திலேயே வந்து முடியும் பாதை இது. ஆனால், போன வழியில் திரும்ப மாட்டோம். இங்கேதான் சிக்கலே! போன வழியிலேயே திரும்பும் பாதையில், பின்தங்கி உட்கார்ந்தவரைத் திரும்பும்போது கூட்டி வந்துவிடலாம். சுற்றுப்பாதையில் அது நடக்காது. குழு வேறு பக்கமாக இறங்கிவிடும். அவர் தனியாக மாட்டிக்கொள்வார்.

அதனால்தான் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என இரண்டு வழிகாட்டிகள் இருப்பது நல்லது. கடைசி ஆளுக்குப் பின்னால் யாருமே இருக்கக் கூடாது. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நின்று தலை எண்ண வேண்டும். வேகமாக நடப்பவருக்கு இது போர் அடிக்கலாம். ஆனால், மெதுவாக நடப்பவரின் வேகம்தான் குழுவின் வேகம்.

எவ்வளவு நேரம் ஆகும்?

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம். 600 மீட்டர் உயரம் ஏற கூடுதலாக 1 மணி நேரம். அப்படியானால், 600 மீட்டர் ஏற்றமுள்ள 10 கிலோமீட்டர் பாதைக்கு 3 மணி நேரம். ஆனால், இது ஓய்வில்லாமல் நடப்பவருக்கான கணக்கு. புதியவர்கள் உள்ள குழுவுக்கு இதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 6 மணி நேரம் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. காலை 7 மணிக்குக் கிளம்பினால் மதியம் 1 மணிக்கு முடிக்கலாம். அடர்ந்த காட்டுக்குள் சீக்கிரமே இருட்டிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கே திரும்புவது?

இதே 10 கிலோமீட்டர் பாதையில், 3-வது கிலோமீட்டரில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் திரும்பினால் 3, தொடர்ந்தால் 7. அதுவே 7-வது கிலோமீட்டர் என்றால் திரும்புவதுதான் தூரம். எனவே, 'போகலாமா, திரும்பலாமா' என்ற முடிவைப் பாதி தூரத்துக்கு முன்பே எடுத்தாக வேண்டும். மூட்டு வலி, தலைசுற்றல் இருந்தால் கூச்சப்படாமல் அப்போதே சொல்லிடுங்க.

புகை தெரிந்தால்?

உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். மேட்டை நோக்கி ஓடக் கூடாது. கீழே எரியும் தீயின் வெப்பம் மேலே உள்ள புல்லைக் காயவைத்துவிடுவதால், சரிவில் தீ மேல்நோக்கி வேகமாகப் பரவும். சிதறி ஓடாமல், புல் இல்லாத வெட்டவெளி அல்லது பாறைப் பகுதிக்கு வழிகாட்டியுடன் நகர வேண்டும்.

கிளம்பும் முன் செக் பண்ணுங்க

* நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் அரை லிட்டர் தண்ணீர்
* பிடிமானமுள்ள ஷூ, பருத்தி அல்லாத சீக்கிரம் காயும் உடை
* விசில், டார்ச், வழக்கமான மருந்துகள்
* எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்ற தகவலை வீட்டில் ஒருவரிடம் சொல்வது. காட்டுக்குள் செல்போன் சிக்னலை நம்ப முடியாது.

தீப்பெட்டி, சிகரெட், பிளாஸ்டிக் மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும்.