பழைய ஜூம் கேமரா வாங்குமுன் எதைப் பார்ப்பது?

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் நம் திருத்தணிக் கடைவீதியில் கற்பூரம், சந்தனம், மஞ்சள் துணி வியாபாரத்தோடு இன்னொரு பேச்சும் கிளம்பிவிடுகிறது. "நல்ல ஜூம் கேமரா ஒன்று பழையதில் கிடைக்குமா?" என்று நம் கடைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. சரவணப் பொய்கையில் தெப்பம் சுற்றும்போது கரையில் நின்று செல்போனில் எடுத்தால் சுவாமி வெறும் விளக்குப் பொட்டாகத்தான் தெரிவார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போகவும் முடியாது. நின்ற இடத்திலிருந்தே அலங்காரத்தை முழுதாகப் பிடித்துத் தருவது இந்த ஜூம் கேமராதான். காவடி எடுத்த குடும்பங்களுக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் நாலு காசு வருமானமும் உண்டு.

பெரிய ஜூம் உள்ளதைப் புதிதாக வாங்கப் போனால் அரை லட்சத்தைத் தாண்டுகிறது. அதனால்தான் பழையதைத் தேடுகிறோம். தேடுகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "ஷட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது?" என்பது. பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் பார்ப்பது போல. இந்த வகைக் கேமராவைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு நம்பத்தக்க பதில் கிடையாது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். பதில் சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அவருக்கே தெரிய வழியில்லை.

கல்யாணத்துக்கு வரும் ஸ்டூடியோக்காரர் கையில் இருக்கும் லென்ஸ் கழற்றும் கேமரா வேறு. அதில் ஷட்டர் என்பது ஏறக்குறைய நம் கடை ஷட்டர் மாதிரியே மேலும் கீழும் ஓடும் இரண்டு மெல்லிய திரைகள். ஒவ்வொரு படத்துக்கும் ஒருமுறை ஓடும். அது எத்தனை முறை தாங்கும் என்று கம்பெனியே சோதித்துச் சொல்லிவிடுகிறது. கேனான் 80டி என்றால் 1 லட்சம், நிக்கான் டி850 என்றால் 2 லட்சம். நிக்கானில் எடுக்கும் படத்துக்குள்ளேயே அதுவரை ஓடிய கணக்கு பதிவாகியிருக்கும், கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம்.

லென்ஸ் கழற்ற முடியாத ஜூம் கேமராவில் அமைப்பே வேறு. 2012ல் வந்த கேனான் எஸ்.எக்ஸ்.50, 2015ல் வந்த நிக்கான் பி900, 2018ல் வந்த நிக்கான் பி1000, கேனான் எஸ்.எக்ஸ்.70 எல்லாம் இந்த ரகம். பி900ல் 83 மடங்கு, பி1000ல் 125 மடங்கு ஜூம். இவற்றில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே சின்னஞ்சிறு தகடுகளாக உட்கார்ந்திருக்கிறது. அதன் ஆயுளைக் கம்பெனிகள் சொல்வதில்லை. ஓடிய கணக்கை வாங்குகிறவர் பார்க்கவும் பொதுவாக வழி இல்லை.

அப்படியானால் விற்பவர் எதைக் காட்டுகிறார்? படத்தின் வரிசை எண்ணைத்தான். 2023ல் என் மகனுக்காக நான் ஏமாந்ததும் அதில்தான். சென்னையில் ஒருவரிடம் வாங்கினோம். "பாருங்கள் சார், 1,200 படம்தான் எடுத்திருக்கிறது" என்று திரையில் காட்டினார். மளிகைக் கடையில் மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் வாங்காத நான், அந்த எண்ணைப் பார்த்து மயங்கிவிட்டேன். அந்த ஆண்டு டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவில், 365 படிகளில் பாதி ஏறியிருப்போம், லென்ஸ் நீட்டிய நிலையில் நின்றுவிட்டது. உள்ளே போகவில்லை. 'லென்ஸ் எரர்' என்று ஒரு வரி. ரிப்பேர்காரர், லென்ஸ் பகுதியை மொத்தமாக மாற்றவேண்டும் என்றார். அவர் சொன்ன கூலியும் சாமானும் சேர்ந்து நாங்கள் வாங்கிய விலையை நெருங்கியது.

அந்த எண் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். படங்களுக்கு 0001 முதல் 9999 வரை எண் விழும். அதைத் தாண்டினால் மறுபடி 0001; ஃபோல்டர் எண் மட்டும் ஒன்று கூடும். ஆகவே 1,200 என்பது 11,199 ஆகவும் இருக்கலாம், 21,198 ஆகவும் இருக்கலாம். மெனுவில் போய் எண்ணை முதலிலிருந்து தொடங்க வைப்பதும் சுலபம். வேறு கேமராவில் ஓடிய கார்டைப் போட்டால் அந்த எண்ணுக்கு அடுத்ததாகத் தொடர்வதும் உண்டு. நம்முடைய புதுக் கார்டைப் போட்டு ஒரு படம் எடுத்து எண்ணைப் பாருங்கள். ஃபோல்டர் எண்ணையும் பாருங்கள். எண் அதிகமாக இருந்தால் விலை பேச ஒரு பிடி கிடைக்கும். குறைவாக இருந்தால் அதற்கு ஒரு மதிப்பும் கொடுக்க வேண்டாம். வீடியோ எடுத்த மணிநேரமும், சும்மா ஜூம் பண்ணி வேடிக்கை பார்த்த பொழுதும் அந்த எண்ணில் சேராது.

ஜூம் பண்ணி வேடிக்கை பார்ப்பதுதான் இந்தக் கேமராவைத் தேய்க்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள், சிறு பல்சக்கரங்கள், மோட்டார், மடங்கி மடங்கி நீளும் மெல்லிய ஒயர்ப்பட்டை என்று அத்தனையும் ஒவ்வொரு தடவையும் அசைகின்றன. ஷட்டருக்கு முன்னால் பெரும்பாலும் இவைதான் போகும்.

சந்தையில் மாடு பிடிக்கிறவர் பல்லைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். அதே முறைதான் இங்கும். முதலில் மெனுவில் ஷட்டர் சத்தத்தை நிறுத்துங்கள். நாம் கேட்கும் 'கிளிக்' பெரும்பாலும் ஸ்பீக்கரில் வரும் பதிவு செய்த ஒலி. அதை நிறுத்திவிட்டுக் காதோரம் வைத்து எடுத்தால்தான் உள்ளே தகடு அசையும் மெல்லிய சத்தம் கேட்கும். பிறகு 'எம்' என்ற நிலையில் வைத்து, பகல் வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரை ஒரே அளவில் இருபது படம் எடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் வேண்டாம். மின்சாரத் துடிப்பால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறி, நல்ல ஷட்டரையும் கெட்டதாகக் காட்டும். ஒவ்வொன்றாக எடுப்பதே நல்லது, ஏனெனில் மிக வேகமான தொடர்படத்தில் சில மாடல்களில் இயந்திர ஷட்டர் வேலையே செய்வதில்லை. இருபதும் ஒரே நிறமாக வந்தால் ஷட்டர் இப்போதைக்குச் சரி. நடுவில் ஒன்று வெளுத்தோ கறுத்தோ வந்தால் தகடு ஒட்டுகிறது. அதோடு எழுந்து வந்துவிடலாம்.

ஜூமைப் பத்து தடவை முழுதாக நீட்டி மடக்குங்கள். கேமராவை மேலே பார்க்க வைத்து ஐந்து, கீழே பார்க்க வைத்து ஐந்து. தேய்ந்த மோட்டார் எடையைத் தூக்கும்போதுதான் திணறும். கறகறப்பு, நடுவில் தயக்கம், நீட்டிய குழாய் விரல் பட்டதும் ஒரேயடியாக ஆடுவது எல்லாம் கெட்ட அறிகுறி. குழாய் சற்றே அசைவது எல்லாவற்றிலும் உண்டு.

அடுத்து லென்ஸ் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு நம் பூட்டிய கடை ஷட்டரைவிட நல்ல சாதனம் கிடையாது! எதிர்ச்சாரியில் நேராக நின்று, சட்டம் முழுக்க ஷட்டர் வரிகள் நிறையும்படி ஒரு படம். நாலு மூலையிலும் வரிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி தெளிவாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் குழம்பியிருந்தால் கேமரா எப்போதோ கீழே விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். தூரத்துப் படத்துக்கு அடிவாரத்திலிருந்து மலைக்கோயில் கோபுரத்தை எடுத்துப் பாருங்கள். காலையில் எட்டு மணிக்குள் எடுக்கவேண்டும். உச்சி வெயிலில் பாறையிலிருந்து எழும் அனல் அலை நடுவில் நின்றால் எந்த லென்ஸும் குழம்பும். அந்தக் குழப்பத்தைக் காரணம் காட்டி விலை குறைப்பதும் நியாயமில்லை.

தூசியையும் விட்டுவிடக் கூடாது. குழாய் நீண்டு மடங்கும்போது பம்பு போலக் காற்றை இழுக்கிறது. தூசியும் கூடவே போகிறது. ஜூமை முழுதாக நீட்டி, துவாரத்தைச் சிறிதாக வைத்து, மேகமில்லாத வானத்தை எடுத்தால் கரும்புள்ளிகள் வெளிப்படும். லென்ஸைக் கழற்ற முடியாதென்பதால் துடைப்பதற்கு முழுதாகப் பிரிக்கவேண்டும். டார்ச் அடித்து உள்ளே பூஞ்சணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறதா, சார்ஜ் ஏறுகிறதா என்பதெல்லாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மாடல் பழசானால் உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம். பி900க்குப் பதில் 2020ல் பி950 வந்துவிட்டது. பி1000க்குப் பதில் 2025ல் பி1100 வந்துவிட்டது. என் கணக்கில் வாரண்டி முடிந்த ஜூம் கேமராவுக்குப் புதிய விலையில் பாதிக்கு மேல் கொடுப்பது அதிகம்.

நம் கடை எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வைத்துக்கொள்கிறோம். முத்திரை இல்லாத பழைய தராசை யாராவது விற்க வந்தால் தொடக்கூட மாட்டோம். கேமராவுக்கு முத்திரையும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. இருப்பது பில்லும், அடியில் ஒட்டிய வரிசை எண்ணும்தான். பில்லில் உள்ள எண்ணும் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், திருவிழாக் காலத்தில் சிலர் கல்லாவுக்கே கேமராவோடு வந்துவிடுகிறார்கள். "ஊருக்குப் போகப் பணமில்லை, வந்த விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி" என்பார்கள். நாம் இருப்பது எல்லையோரம். பஸ் ஏறினால் சற்று நேரத்தில் நகரி, ஆள் ஆந்திராவில். பிறகு எங்கே போய்த் தேடுவது? திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் முன்பு இ.பி.கோ. 411, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவு. அடிமாட்டு விலையும் பில் இல்லாததுமே 'நம்பக் காரணம்' ஆகிவிடக்கூடும். தெரிந்தவரிடம் வாங்கினாலும் பெயர், முகவரி, வரிசை எண், தொகை, தேதி குறித்து ஒரு கையெழுத்து வாங்கி, பணத்தை வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ கொடுங்கள்.

என் மகன் இப்போது வைத்திருப்பதும் பழையதுதான், பி900. இருபது சுவர்ப் படம், பத்து ஜூம், கடை ஷட்டர் எல்லாம் பார்த்து வாங்கினான். வரிசை எண் 8,000ஐத் தாண்டியிருந்தது. அதைச் சொல்லி விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம். சென்ற ஆடிக் கிருத்திகைத் தெப்பம் மூன்று நாளும் அதில்தான் எடுத்தான்.