பிரேக் இல்லாத சைக்கிளும் அப்பாவின் கோபமும்

"டிராக் சைக்கிள் பழகப் போறேன்பா" என்று கடந்த ஆண்டு இறுதியில் ஒரு நாள் அப்பாவிடம் சொன்னேன். உடற்பயிற்சிதானே என்று தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். "அந்த சைக்கிள்ல பிரேக் இருக்காது" என்று நானே உளறிவிட்டேன். கையிலிருந்த தே தாரேக்கைக் கீழே வைத்தார்.

"பிரேக் இல்லாத சைக்கிளா? நீயும் லாஜாக் கூட்டத்துல சேர்ந்துட்டியா?"

அப்பா லாரி ஓட்டுநர். பெரும்பாலும் இரவு வேலை, சிரம்பானிலிருந்து ஜொகூர் வரை. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் அதிகாலை நேரத்தில் 'பாசிக்கால் லாஜாக்' ஓட்டிக்கொண்டிருந்த பையன்கள் மீது கார் மோதி எட்டுப் பேர் இறந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. அந்த வாரம் முழுக்க அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. "இருட்டுல படுத்துக்கிட்டே ஓட்டுறானுங்க. லாரியில இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாதும்மா" என்று அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

எனக்கு இந்த ஆசை வந்த நாள் துல்லியமாகத் தெரியும். 2021 ஆகஸ்ட் 8. நடமாட்டக் கட்டுப்பாட்டால் எல்லாரும் வீட்டிலேயே அடைந்து கிடந்த காலம். தோக்கியோ ஒலிம்பிக்கின் கடைசி நாளில் ஆண்கள் கெய்ரின் இறுதிச் சுற்று. கெய்ரினில் ஐந்தாறு பேர் வரிசையாக ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் செல்வார்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் தொடங்கி மெல்ல 50 வரை வேகத்தை ஏற்றிவிட்டு, மூன்று சுற்று மிச்சமிருக்கும்போது அது ஒதுங்கிவிடும். அதற்குப் பிறகு யாருக்கு யாரும் அண்ணன் தம்பி கிடையாது. அன்று மோட்டார் ஒதுங்கியதுமே பிரிட்டனின் ஜேசன் கென்னி தனியாகப் பாய்ந்து போய்விட்டார். பின்னால் இருந்தவர்கள் யார் துரத்துவது என்று தயங்கினார்கள். தங்கம் போனது போனதுதான். ஆனால் மிச்சக் கூட்டத்திலிருந்து நம் அசிசுல்ஹஸ்னி அவாங் பிய்த்துக்கொண்டு வந்து வெள்ளியைப் பிடித்தார். நானும் தம்பியும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டினார்.

திரங்கானு, டுங்குனில் பிறந்த அந்த மனிதரைப் பற்றி அன்றிரவே தேடித் தேடிப் படித்தேன். 2011-இல் மான்செஸ்டர் உலகக் கிண்ணப் போட்டியில் விழுந்தபோது பாதையின் மரச்சிராய் ஒன்று, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம், அவர் கெண்டைக்காலைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டது. எழுந்து, சைக்கிளில் ஏறி, மூன்றாவதாகப் பந்தயத்தை முடித்தார். 2016 ரியோவில் வெண்கலம், 2017-இல் ஹாங்காங்கில் உலக வெற்றியாளர் பட்டம். படத்தை மட்டும் நீங்கள் தேடிப் பார்க்க வேண்டாம். நான் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டை விட்டேன்.

நீலாயில் உள்ள தேசிய வெலோட்ரோம் 2017 சீ விளையாட்டுப் போட்டியையொட்டிக் கட்டப்பட்டது. எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்கும் குறைவு. ஆனாலும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் முதல்முறை உள்ளே போனேன். தொலைக்காட்சி ஒரு பெரிய பொய் சொல்கிறது: வளைவின் சாய்வை அது காட்டுவதே இல்லை. இத்தகைய 250 மீட்டர் பாதைகளில் வளைவு ஏறக்குறைய 42 பாகை சாய்ந்திருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பாதை மாதிரி தெரியாது, மரத்தால் செய்த சுவர் மாதிரி இருக்கும்.

இரவல் சைக்கிளில் முன்பல் சக்கரம் 49, பின்பல் சக்கரம் 15. நான் இயந்திரவியல் மாணவி, கணக்குப் போடாமல் இருக்க முடியாது. மிதியை ஒருமுறை சுற்றினால் 6.9 மீட்டர், ஒரு முழுச் சுற்றுக்கு 36 தடவை. பின்சக்கரமும் மிதியும் சேர்ந்தே சுற்றும். சைக்கிள் ஓடும்வரை கால் ஓய முடியாது. அதனால்தான் பிரேக் தேவைப்படுவதில்லை. கால்களால் எதிர்த்து அழுத்தினால் வேகம் குறையும். அரங்கில் எல்லாரும் ஒரே திசையில் போவார்கள். முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் பிடித்தால்தான் ஆபத்து.

"முப்பதுக்குக் கீழே போகாதே. பயமா இருந்தா இன்னும் வேகமா மிதி" என்றார் பயிற்றுநர். பயந்தால் வேகத்தைக் குறைப்பது எனக்கு இருபது வருடப் பழக்கம். இரண்டாவது வாரம், நீலக்கோட்டுக்கு மேலே ஏறி, வளைவில் நுழையும்போது மனம் பதறிக் காலைத் தளர்த்தினேன். பின்சக்கரம் வழுக்கியது. மேலிருந்து கீழ்வரை சறுக்குமரம் போல வந்து சேர்ந்தேன். இடுப்பில் ஓர் உள்ளங்கை அளவு தோல் போனது. அம்மாவிடம் இரண்டு நாள் மறைத்தேன். மூன்றாம் நாள் நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

ஆனால் வீட்டில் பெரிய சண்டை அதனால் வரவில்லை.

ஒரு மாலை வகுப்பு முடிந்து வந்தபோது, படிவம் நான்கில் படிக்கும் தம்பியின் சைக்கிள் வாசலில் கிடந்தது. இரண்டு பிரேக் வயரும் இல்லை. கேட்டால், "உன்னோடதுலயும் பிரேக் இல்லதானேக்கா" என்கிறான். எனக்குக் கை கால் நடுங்கியது. கெய்ரின், அசிசுல், பிரேக் இல்லாத அழகு என்று மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேசையில் கதை அளந்தது நான்தான்.

அவன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைப் பின்னோக்கிச் சுற்றிக் காட்டினேன். சங்கிலி சும்மா ஓடியது, சக்கரம் அசையவில்லை. "இதுல பின்னாடி மிதிச்சா ஒண்ணும் நடக்காது. செருப்பை டயர்ல வச்சுத்தான் நிறுத்தணும். சந்துல கார் வந்தா என்ன செய்வே?" என்றேன். "அப்ப நீ மட்டும் ஓட்டலாம், நான் கூடாதாலா?" என்று கத்திவிட்டு அறைக்குள் போனான். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கட்டணம், பேருந்து, மாற்றுச் சட்டை எல்லாம் சேர்த்தால் அரங்குப் பயிற்சி எங்களைப் போன்ற வீட்டுக்கு லேசான செலவு அல்ல. சாலை மட்டும்தான் இலவசம்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். யாரையும் திட்டவில்லை. மறுநாள் வேலை முடிந்து வரும்போது இரண்டு பிரேக் வயர் வாங்கி வந்தார். தம்பியைக் கூப்பிட்டு ஸ்பேனரைக் கையில் கொடுத்து, அவனையே மாட்டச் சொன்னார். இரவு பத்து மணிவரை வாசலில் இருவரும் குனிந்திருந்தார்கள். கடைசியில், "சனிக்கிழமை அக்காகூடப் போ. நானும் வரேன்" என்றார்.

சனிக்கிழமை அப்பா கம்பிவேலியைப் பிடித்தபடியே நின்றார். எங்களுக்கு முன்னால் மாநில இளையோர் அணிப் பையன்கள் பயிற்சியில் இருந்தார்கள். சக்கரங்கள் மரத்தில் உருளும்போது இரைச்சலான ஒரு 'உஊஊ' வரும், ரயில் தூரத்தில் போவதுபோல. அப்பா அதைக் கேட்டுவிட்டுப் பயிற்றுநரிடம் போய், எப்படி நிறுத்துவீர்கள், டயரில் காற்று எவ்வளவு, விழுந்தால் பின்னால் வருபவர் என்ன செய்வார் என்று லாரி வாங்க வந்தவர் மாதிரி கேட்கத் தொடங்கினார். நான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அசிசுல் மோட்டாரை முன்கூட்டியே தாண்டியதால் முதல் சுற்றிலேயே நீக்கப்பட்டதைச் சொன்னேன். "அவ்வளவு பெரிய ஆளுக்கும் அதே ரூல்தானா?" என்று தம்பியைப் பார்த்தார்.

தம்பி முதல் நாள் கீழ்க்கோட்டை விட்டு மேலே ஏறவே இல்லை. பத்துச் சுற்று முடித்து, நிறுத்தத் தெரியாமல் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். மூச்சு வாங்கியபடி அவன் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, எனக்கு எத்தனை செகண்ட்?" அப்பா தன் கைப்பேசியை நீட்டினார். பத்துச் சுற்றுக்கும் தனித்தனியாக நேரம் குறித்து வைத்திருந்தார்.