ஜீரோவில் தொடங்கி 10,000 டாலர்... போக்கர் சாம்பியனின் '2 சதவீத' கணக்கு என்ன? சறுக்கியது எங்கே?

2006ஆம் ஆண்டு அமெரிக்க போக்கர் வீரர் கிறிஸ் ஃபெர்குசன் ஒரு சவாலில் இறங்கினார். கையில் இருந்து ஒரு டாலர்கூட போடாமல், ஆன்லைன் போக்கரில் 10,000 டாலர் சேர்த்துக் காட்டுகிறேன் என்பதுதான் அந்தச் சவால். ஆள் சாதாரண ஆள் இல்லை. 2000ஆம் ஆண்டு உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் சாம்பியன் பட்டம் வென்றவர். கணினி அறிவியலில் முனைவர் பட்டமும் வாங்கியவர். அப்படிப்பட்டவருக்கே இலவசப் போட்டிகளில் ஆடி முதல் சில டாலர்களைச் சேர்க்கப் பல மாதங்கள் ஆகிவிட்டன. ஆனால் அடுத்த ஆண்டிலேயே 10,000 டாலரைத் தொட்டுவிட்டார்.

ஆட்டத் திறமையைவிட அதிகம் பேசப்பட்டது, அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சில விதிகள்தான்.

பேங்க்ரோல் என்றால் என்ன?

போக்கர் ஆடுவதற்கென்றே தனியாக ஒதுக்கிவைத்த பணத்துக்குத்தான் பேங்க்ரோல் என்று பெயர். வீட்டு வாடகை, இஎம்ஐ, ஸ்கூல் ஃபீஸ் எதுவும் இதில் சேராது. முழுசாகப் போனாலும் குடும்பச் செலவு தடைபடக் கூடாத பணம். கடன் வாங்கிப் போட்ட பணம் பேங்க்ரோலே கிடையாது, அது வெறும் கடன்தான்.

ஃபெர்குசனின் விதி இதுதான். பலர் மோதும் டோர்னமென்ட் என்றால், மொத்த பேங்க்ரோலில் 2 சதவீதத்துக்கு மேல் நுழைவுக் கட்டணம் கட்டக் கூடாது. சாதாரண டேபிள் ஆட்டங்களுக்கு 5 சதவீதம். மிகக் குறைந்த கட்டண ஆட்டங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அதாவது கையில் 1,000 டாலர் இருந்தால் 20 டாலர் போட்டி வரை போகலாம். அது 600 டாலராகக் குறைந்துவிட்டால் 12 டாலர்தான் உச்சம்.

கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது பாதியைத்தான். தோற்கத் தோற்கப் பெரிய போட்டிக்குப் போய் 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று இறங்குவதுதான் மனித இயல்பு. இந்த விதி அதற்கு நேர் எதிராக ஆளைக் கீழே இறக்கிவிடுகிறது.

2 சதவீதம் ஏன் இவ்வளவு கம்மி?

டோர்னமென்ட்களில் பொதுவாக ஆடுபவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் பரிசு கிடைக்கும். அதிலும் பெரிய தொகை முதல் சில இடங்களுக்கே போய்விடும். மற்றவர்களுக்கு, கட்டிய காசுக்கு மேல் கொஞ்சம்.

100 போட்டியில் 15 முறை பரிசு வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தொடர்ந்து 10 போட்டிகளில் வெறுங்கையோடு வெளியேற வாய்ப்பு சுமார் 20 சதவீதம். தொடர்ந்து 20 போட்டிகள்? சுமார் 4 சதவீதம். கேட்க ரொம்பக் குறைவாகத் தெரியும். ஆனால் 500 போட்டி ஆடினால், இப்படி ஒரு வறட்சி ஒரு முறையாவது வந்தே தீரும் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு போட்டிக்கும் பேங்க்ரோலில் 10 சதவீதம் கட்டுகிறவர், பத்தாவது தோல்வியிலேயே காலி. அவர் நல்ல ஆட்டக்காரரா என்பது அங்கே கேள்வியே இல்லை.

நோட்டு போடாவிட்டால் என்ன ஆகும்?

ஜெயித்தது ஞாபகம் இருக்கும், தோற்றது மறந்துவிடும். அதனால்தான் தொடர்ந்து ஆடுபவர்கள் ஒவ்வொரு போட்டியையும் எழுதிவைக்கிறார்கள். தேதி, நுழைவுக் கட்டணம், தளம் எடுத்துக்கொள்ளும் கமிஷன், எத்தனை பேர் ஆடினார்கள், எந்த இடம், பரிசு எவ்வளவு, எவ்வளவு நேரம் ஆனது. பலர் சறுக்குவது 'ரீ-என்ட்ரி'யில்தான். வெளியேறிய பிறகு மறுபடி காசு கட்டி உள்ளே வந்திருப்பார்கள், கணக்கில் ஒரு முறைதான் ஏறியிருக்கும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 10 டாலர் போட்டி, கமிஷன் 1 டாலர். 200 போட்டி ஆடினால் செலவு 2,200 டாலர். வந்த பரிசு 2,500 டாலர். லாபம் 300 டாலர், அதாவது போட்ட பணத்தில் சுமார் 13.6 சதவீதம். சூப்பர் என்று தோன்றும். ஆனால் அந்த 2,500 டாலரில் 900 டாலர் ஒரே ஒரு ராத்திரி ஜெயித்தது என்றால்? அதை எடுத்துவிட்டால் மீதி 199 போட்டிகளில் கிட்டத்தட்ட 590 டாலர் நஷ்டம். 200 போட்டிகளை வைத்து ஒருவரைத் திறமைசாலி என்றோ அதிர்ஷ்டசாலி என்றோ சொல்லவே முடியாது.

'இத்தனை கோடி வென்றார்' என்று வரும் செய்திகளையும் இதே கண்ணோடு பார்க்கலாம். நேரடிப் போட்டிகளின் முடிவுகளைத் தொகுக்கும் 'ஹென்டன் மாப்' பட்டியலில் இருப்பது வாங்கிய பரிசு மட்டுமே. கட்டிய கட்டணம் அதில் கழிக்கப்படுவதில்லை.

இங்கேதான் ட்விஸ்ட்

ஃபெர்குசன் இந்தச் சவாலை நடத்திக்காட்டியது 'ஃபுல் டில்ட் போக்கர்' தளத்தில். அதன் நிறுவனர்களில் அவரும் ஒருவர், இயக்குநர் குழுவிலும் இருந்தார். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நீதித்துறை ஃபுல் டில்ட் உட்பட பெரிய போக்கர் தளங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. போக்கர் உலகில் அந்த நாளுக்கே 'பிளாக் ஃப்ரைடே' என்று பெயர்.

சில மாதங்களில் அடுத்த குண்டு விழுந்தது. ஆட்டக்காரர்களுக்கு ஃபுல் டில்ட் தர வேண்டிய தொகை சுமார் 39 கோடி டாலர், ஆனால் வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி டாலர்தான் என்றது அரசுத் தரப்பு. உரிமையாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் சுமார் 44 கோடி டாலர் போனதாகவும் குற்றம்சாட்டியது. அந்த சிவில் வழக்கில் ஃபெர்குசன் பெயரும் சேர்ந்தது. 2013ல், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே சமரசம் செய்துகொண்டார்.

2 சதவீத விதியை வரி பிசகாமல் கடைப்பிடித்தவர்களின் பணமும் அங்கேதான் மாட்டிக்கொண்டது. 2012ல் 'போக்கர் ஸ்டார்ஸ்' நிறுவனம் ஃபுல் டில்ட்டை எடுத்துக்கொண்ட பிறகு மற்ற நாட்டவர்களுக்குப் பணம் கிடைத்தது. அமெரிக்கர்களுக்கு முதல் தவணை வந்தது 2014 பிப்ரவரியில். அதனால் அனுபவசாலிகள் நோட்டில் இன்னொரு வரியும் சேர்த்தார்கள்: எந்தத் தளத்தில் எவ்வளவு கிடக்கிறது, கடைசியாக எப்போது வெளியே எடுத்தோம்.

இந்தியாவில் ஆடலாமா?

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை விதிக்கும் மசோதா 2025 ஆகஸ்ட் 21 அன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறி, மறுநாளே குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்ற பழைய வாதத்துக்கு இதில் இடமில்லை. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆடுபவர்களுக்குத் தண்டனை இல்லை. இதையடுத்து இந்தியத் தளங்கள் பல, காசு வைத்து ஆடும் போக்கரை நிறுத்திவிட்டன.