நகச்சுற்று என்று நினைத்த விரல்

விரல் நுனி சிவந்து வீங்கி, இரவெல்லாம் விண்விண்ணென்று தெறித்தால் தமிழக-கேரள எல்லையை ஒட்டிய அமரவிளைப் பக்கத்து வீடுகளிலும் கை முதலில் எலுமிச்சம்பழத்தைத்தான் தேடும். துளை போட்டு விரலில் செருகினால் நகச்சுற்று பழுத்து உடையும் என்பது பாட்டி வைத்தியம். பெரும்பாலும் அது நகச்சுற்றேதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பழத்தை மாற்றி மாற்றிச் செருகி, ஆன்டிபயாட்டிக்கும் சாப்பிட்டு முடித்த பிறகும் வீக்கம் வற்றாத விரல் ஒன்று எப்போதாவது வரும். அதன் எலும்புக்குள் இருப்பது சீழ் அல்ல, வேறெங்கிருந்தோ வந்து இறங்கிய புற்றுநோய்.

இது மிக அபூர்வம். எலும்புக்குப் பரவும் புற்றுநோயில் கை, பாதம் வரை வருவது ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான். முதுகெலும்பு, இடுப்பு, விலா போன்றவற்றில்தான் வளர்ந்தவர்களுக்கு, புற்றுநோய் எளிதில் வேர்விடும் சிவப்பு மஜ்ஜை மிச்சமிருக்கிறது. ரத்த ஓட்டமும் அங்கே தாராளம். விரல் எலும்பின் மஜ்ஜையில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு.

அப்படியும் கைக்கு வந்தால் முதல் சந்தேகம் நுரையீரல்மேல்தான். அங்கிருந்து கிளம்பும் ரத்தம் இதயத்தின் இடப்பக்கம் புகுந்து, வழியில் எந்தச் சல்லடையிலும் சிக்காமல் தமனிகளில் பாய்கிறது. பாதத்துக்கு வருவதென்றால் குடல், சிறுநீரகம், கருப்பை போன்ற வயிற்றுப் பகுதி உறுப்புகளின் பங்கு கூடுகிறது.

எக்ஸ்ரேயில் விரலின் கடைசி எலும்பு கரையான் அரித்ததுபோல் தெரியும். பக்கத்து மூட்டு மட்டும் பெரும்பாலும் தப்பியிருக்கும். சீழாக இருந்தால் அது மூட்டையும் சேர்த்துத் தின்னக்கூடும். முடிவு சொல்வது பயாப்சிதான். சுமார் பத்தில் ஒருவருக்கு இந்த விரல் வீக்கமே புற்றுநோயின் முதல் அறிகுறி. மற்றவர்களுக்கு நோய் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆனால் விரலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பழைய ஃபைலை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். டாக்டரும் விரலை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்.

அமரவிளையிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனால் திருவனந்தபுரம். அங்கே 1981-ல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையத்தை, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 'ஆர்.சி.சி.' என்றே சொல்கிறார்கள். களியக்காவிளை தாண்டி குமரி மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் வருவது வழக்கம்.

விரல்வரை வந்த நோய் வேறு இடங்களிலும் இருக்கும். அதன்பின் ஆயுள் பெரும்பாலும் மாதக் கணக்குத்தான். ஆகவே வைத்தியம் வலியைக் குறிவைக்கிறது: கதிர்வீச்சு, சிலருக்கு விரலை எடுப்பது, தேவைப்பட்டால் வாய்வழி மார்ஃபின். டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் 2003-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பேலியம் இந்தியா பாடுபடுவதும் இந்த மருந்து நோயாளியின் கைக்குக் கிடைக்கத்தான். சிலருக்குக் கதிர்வீச்சு ஒரே தடவை போதும். தெறிப்பு அடங்கி, தன் கையாலேயே சோறு பிசையலாம்.