அநீதிக்கு எதிராக ஓர் அண்டை வீட்டார்: ஜப்பானின் மனித உரிமைத் தன்னார்வலர்கள்



உரிமை மீறல் என்றதும் சிறைச்சாலைகளும் போர்க்களங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பெரும்பாலான அநீதிகள் மூடிய கதவுகளுக்குப் பின்னால்தான் நிகழ்கின்றன. வகுப்பறையில் நாள்தோறும் கேலிக்கு ஆளாகும் சிறுவன், பெற்ற பிள்ளைகளாலேயே புறக்கணிக்கப்படும் முதியவர், கணவனின் அடியை வெளியில் சொல்ல முடியாத பெண், பிறந்த நாட்டைக் காரணம் காட்டி வாடகை வீடு மறுக்கப்படும் அந்நியர் ஆகியோரின் துயரம் எந்த நீதிமன்றத்தையும் எளிதில் எட்டுவதில்லை. வழக்குத் தொடுக்கப் பணம் வேண்டும், சாட்சி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் துணிவு வேண்டும். இவை மூன்றும் இல்லாத ஒருவர் முதலில் யாரிடம் செல்வார்?

மக்காவில் எடுக்கப்பட்ட உறுதிமொழி

இக்கேள்வி புதியதன்று. நபித்துவத்துக்கு முந்தைய மக்காவில் யமன் நாட்டு வணிகர் ஒருவர் தம் சரக்கை ஆஸ் பின் வாயில் என்ற செல்வாக்குமிக்க மனிதரிடம் விற்றார். சரக்கைப் பெற்றுக்கொண்ட அவர் விலையைத் தர மறுத்தார். அயலூர்க்காரருக்கு அங்கே குலமும் இல்லை, பரிந்து பேச ஆளும் இல்லை. அவர் அபூகுபைஸ் குன்றின் மீது ஏறி நின்று முறையிட்டார். அதைச் செவியுற்ற குறைஷியரில் சிலர் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் இல்லத்தில் ஒன்றுகூடினர். உள்ளூரார் ஆயினும் வெளியூரார் ஆயினும், அநீதி இழைக்கப்பட்டவர் பக்கமே நிற்போம் என்று உறுதி பூண்டனர். வணிகருக்குரிய சரக்கும் மீட்டுத் தரப்பட்டது. ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ எனப்படும் அவ்வுடன்படிக்கையில் இளைஞராக இருந்த நபி (ஸல்) அவர்களும் பங்கேற்றார்கள். பிற்காலத்தில் அதைப் பெருமையுடன் நினைவுகூர்ந்தார்கள்.

அங்கே ஆட்சியாளரின் ஆணை எதுவும் இல்லை, ஊதியமும் இல்லை. ஊர் மக்களில் சிலர் தாமாக முன்வந்து அப்பொறுப்பை ஏற்றனர். இத்தகைய ஏற்பாடு இக்காலத்தில், ஒரு முழு நாட்டின் அளவில் இயங்க முடியுமா? இயங்குமாயின் அதனால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது? இதற்கு விடை காண ஜப்பான் நாட்டின் அனுபவம் நமக்கு உதவுகிறது.

போருக்குப் பின் பிறந்த ஏற்பாடு

இரண்டாம் உலகப் போரில் தோல்வியுற்ற ஜப்பான், 1947இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியல் சாசனத்தில் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுக்கு முதன்மை அளித்தது. ஆயினும் ஏட்டில் எழுதப்பட்ட உரிமையை ஊர்தோறும் கொண்டு சேர்ப்பது எவ்வாறு? அரசு அலுவலர்களால் மட்டும் அது இயலாது என்று உணரப்பட்டது. எனவே 1948இல் மனித உரிமைத் தன்னார்வலர் என்ற பொறுப்பு உருவாக்கப்பட்டது. மறு ஆண்டு அதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டு, 1949 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்றும் அந்நாள் மனித உரிமைத் தன்னார்வலர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. சட்டம் 20,000 பேர் வரை நியமிக்க இடமளிக்கிறது. நாடெங்கிலும் ஏறத்தாழ 14,000 பேர் இப்பணியில் உள்ளனர்.

பொறுப்புக்கு உரியவர் எவர்?

தன்னார்வலராக விரும்புவோர் எவரும் தாமே அப்பெயரைச் சூட்டிக்கொள்ள இயலாது. நகராட்சி அல்லது ஊராட்சித் தலைவர், மன்ற உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டறிந்து, நற்குணமும் சமூக அறிவும் உடையோரின் பெயர்களைப் பரிந்துரைக்கிறார். வழக்கறிஞர் சங்கத்தின் கருத்தும் கேட்கப்படுகிறது. அதன் பின்னர் நீதித்துறை அமைச்சர் நியமன ஆணை வழங்குகிறார். பதவிக் காலம் மூன்று ஆண்டுகள், மீண்டும் நியமிக்கப்படலாம். சம்பளம் கிடையாது, பணியின் பொருட்டு ஆகும் செலவுத் தொகை மட்டும் வழங்கப்படும்.

இவர்கள் மீது சட்டம் விதித்துள்ள கடமைகள் கவனிக்கத் தக்கவை. பணியின்போது அறிந்த இரகசியத்தைக் காக்க வேண்டும். இனம், கொள்கை, பால், சமூகத் தகுதி ஆகியவற்றைக் கொண்டு எவரையும் வேறுபடுத்தி நடத்தக் கூடாது. பொறுப்பை அரசியல் ஆதாயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒருவர் நம்பிச் சொன்ன துயரம் அமானிதம் ஆகும். அது கடைத்தெருப் பேச்சாகிவிட்டால் அந்த ஊரில் எவரும் மீண்டும் வாய் திறக்க மாட்டார்.

முறையீடு வந்தால் என்ன நிகழும்?

சட்ட விவகார அலுவலகங்களிலும், நகராட்சிக் கூடங்களிலும், முதியோர் இல்லங்கள் போன்ற இடங்களிலும் இவர்கள் மக்களைச் சந்திக்கின்றனர். தொலைபேசியிலும் முறையிடலாம். ஜப்பானிய மொழி அறியாதோர்க்காகப் பிற மொழிகளிலும் ஆலோசனை உண்டு. கட்டணம் எதுவும் இல்லை.

முறையீட்டை விசாரிக்க வேண்டுமெனில், அலுவலர்களும் தன்னார்வலர்களும் இரு தரப்பாரையும் அணுகிக் கேட்கின்றனர். பின்னர் சட்ட உதவி கிடைக்க வழிகாட்டலாம். இருவரையும் அமர்த்திப் பேச வைத்து உடன்பாடு காணலாம். தவறு செய்தவருக்கு அதை எடுத்துரைக்கலாம். எழுத்து மூலம் அறிவுறுத்தலாம். குற்றம் என்று தெளிவானால் காவல் துறையிடம் புகார் அளிக்கப்படலாம். ஆனால் எவரையும் வற்புறுத்தி விசாரணைக்கு வரவழைக்கும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை. தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. பெரும்பாலான முறையீடுகள் ஆலோசனையுடனும் வழிகாட்டலுடனும் நிறைவடைகின்றன.

அதிகாரம் இல்லாத இவர்களால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். சிந்தித்துப் பாருங்கள்! அடிபட்ட பெண் காவல் நிலையத்தின் படியேறுவதற்கு முன், தன் சொல்லை நம்பிக் கேட்கும் ஒரு முகத்தைத் தேடுகிறாள். அதே தெருவில் வாழும், அதே மொழி பேசும், ஊரார் மதிக்கும் ஒருவர் அம்முகமாக அமையும்போது, அவள் வாய் திறக்கும் முதல் தடை நீங்குகிறது. உரிமைக்கான பயணம் அங்கேதான் தொடங்குகிறது.

பிள்ளையின் கடிதம்

இத்தன்னார்வலர்களின் பணிகளுள் நம் குடும்பங்கள் குறிப்பாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு உறையுடன் கூடிய சிறு கடிதத்தாள் வழங்கப்படுகிறது. அஞ்சல் தலை ஒட்ட வேண்டியதில்லை. நண்பர்களிடமோ, ஆசிரியரிடமோ, பெற்றோரிடமோ சொல்ல முடியாத துன்பத்தை அதில் எழுதி அஞ்சல் பெட்டியில் இட்டால் போதும். தன்னார்வலரும் அலுவலர்களும் அதைப் படித்து விடை அளிக்கின்றனர். விடை கடிதமாக வர வேண்டுமா, தொலைபேசியில் வர வேண்டுமா என்பதைப் பிள்ளையே குறிப்பிடலாம்.

இது ஏன் தேவைப்பட்டது? துன்புறும் பிள்ளை பெரும்பாலும் பேசுவதில்லை. சொன்னால் தாய் வருந்துவாள் என்றும், சொன்னது தெரிந்தால் கொடுமை கூடும் என்றும் அஞ்சி மௌனம் காக்கிறது. பள்ளிக் கொடுமையைத் தடுக்க 2013இல் ஜப்பான் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது. எனினும் அடிபடும் பிள்ளை அச்சட்டத்தின் பிரிவுகளை அறியாது. அதன் கைக்கு எட்டுவது ஒரு தாளும் ஓர் உறையுமே.

அத்துடன் தன்னார்வலர்கள் பள்ளிகளுக்குச் சென்று, பிறரை மதிப்பது குறித்துப் பாடம் நடத்துகின்றனர். விதைகளையும் கிழங்குகளையும் வழங்கி, பிள்ளைகள் ஒன்றுகூடிச் செடி வளர்க்கச் செய்கின்றனர். ஓர் உயிரைப் பொறுமையுடன் பேணப் பழகிய கை பிறரைத் தள்ளிவிடத் தயங்கும் என்பதே இதன் நோக்கம். கீழ்நிலைப் பள்ளியைக் கடந்த மாணவர்களுக்காக 1981 முதல் மனித உரிமைக் கட்டுரைப் போட்டியும் நாடு தழுவிய அளவில் நடத்தப்படுகிறது.

சட்டம் மாறியும் மாறாத உள்ளம்

இத்தகைய போதனை எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டியது. தொழுநோயாளரை ஒதுக்கி வைக்கும் சட்டங்கள் ஜப்பானில் 1907 முதல் இருந்தன. நோயைக் குணப்படுத்தும் மருந்து கிடைத்த பின்னரும் அவை நீடித்தன. 1996இல்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது. 2001இல் குமமோட்டோ நீதிமன்றம், அவர்களை ஒதுக்கி வைத்தது அரசியல் சாசனத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. அரசும் அதை ஏற்றது.

ஆனால் 2003 நவம்பரில் அதே குமமோட்டோ மாகாணத்தில், நோய் முற்றிலும் குணமான முதியோர் குழுவுக்குத் தங்கும் விடுதி ஒன்று இடமளிக்க மறுத்தது. மாகாண அரசும், நீதித்துறையின் உள்ளூர் அலுவலகமும் அவ்விடுதியின் மீது புகார் அளித்தன. 2004இல் அது மூடப்பட்டது. இன்னும் வேதனையான ஒன்றும் நிகழ்ந்தது. செய்தி பரவியதும், மறுக்கப்பட்ட அம்முதியோருக்கே வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன! சட்டம் நீங்கிவிட்டது, தீர்ப்பும் வந்துவிட்டது. மக்களின் உள்ளத்தில் இருந்த வெறுப்போ நீங்கவில்லை. அதை அகற்ற நீதிமன்றத்தால் இயலாது. வகுப்பறையிலும் ஊர்க் கூட்டத்திலும், ஆண்டுக்கணக்கில், பொறுமையுடன் பேசும் மனிதர்களால் மட்டுமே இயலும்.

குறைகளும் உண்டு

இவ்வேற்பாட்டைக் குறையற்றது எனக் கொள்வது நேர்மையாகாது. முதலாவதாக, இத்தன்னார்வலர்கள் நீதித்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகின்றனர். அரசு ஊழியரே அநீதி இழைத்தால், அரசின் நிழலில் இருப்போரால் எந்த அளவுக்கு எதிர்த்துப் பேச முடியும்? அரசைச் சாராத தேசிய மனித உரிமை ஆணையம் வேண்டுமென ஐக்கிய நாடுகள் அவையின் குழுக்கள் பலமுறை வலியுறுத்தியுள்ளன. அத்தகைய ஆணையம் அமைப்பதற்கான மசோதாக்கள் 2002இலும் 2012இலும் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டு, நிறைவேறாமல் காலாவதியாயின.

இரண்டாவதாக, உள்ளாட்சித் தேர்தலில் வாக்குரிமை உடையோர் மட்டுமே தன்னார்வலராக நியமிக்கப்படலாம். வெளிநாட்டவருக்கு அங்கே அவ்வாக்குரிமை இல்லை. எனவே தலைமுறைகளாக அங்கேயே வாழும் கொரிய வம்சாவளியினராயினும், ஜப்பானியக் குடியுரிமை பெறாதவரை இப்பொறுப்புக்கு வர முடியாது. வாடகை வீடும் வேலையும் மறுக்கப்படுவதன் வலியை நேரில் அறிந்தோர், காவலர் வரிசையில் இடம்பெறவில்லை. மக்காவில் முறையிட்ட வணிகரும் அயலூராரே என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அயலாருக்கு நீதி வழங்கும் இடத்தில்தான் ஓர் ஊரின் நேர்மை சோதிக்கப்படுகிறது.

நாம் பெற வேண்டிய பாடம்

சகோதர சகோதரிகளே! அதிகாரமுள்ள ஆணையமும் தேவை. அண்டையில் நின்று செவிமடுக்கும் மனிதரும் தேவை. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்பதில்லை. ஆணையம் இன்றேல் வலியவர் அஞ்ச மாட்டார். அண்டை மனிதர் இன்றேல் எளியவர் வாய் திறக்க மாட்டார்.

நியமன ஆணை பெற்றுத்தான் இரண்டாவது பணியைச் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. நம் இல்லத்துப் பிள்ளை சில நாள்களாக ஏன் பள்ளி செல்ல மறுக்கிறது என்று கடிந்துகொள்ளாமல் கேட்கலாம். பக்கத்து வீட்டு முதியவர் உணவருந்தினாரா என விசாரிக்கலாம். நம்பிச் சொல்லப்பட்டதை வெளியில் விடாமல் காக்கலாம். நம் உறவினரே தவறு செய்திருப்பினும் பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கலாம். இவற்றுள் கடினமானது கடைசியாகக் கூறியதே. அன்று மக்காவில் உறுதி பூண்டோரும் தம் சொந்த ஊராரில் வலிமைமிக்க ஒருவருக்கு எதிராகத்தான் நின்றனர்.